முத்தலிப் ஒட்டிய இரண்டாவது தாள்

கல்முனைக் கொட்டகைக்குப் புதுப்படம் வந்தால் மருதமுனைக்காரர் முதலில் போவது வாசிகசாலைக் கதவடிக்குத்தான். படம் எப்படி என்று முத்தலிப் ஒரு தாளில் எழுதி அங்கே ஒட்டியிருப்பார். தறி நெய்கிற மனிதர். என்னைப் போல நாலு வகுப்போடு நின்றவர். ஆனாலும் அவர் எழுதினால் ஊர் நம்பும்.

சும்மா நம்பவில்லை. ஒரு படத்தை இரண்டு தரம் பார்க்காமல் அவர் குறை எழுத மாட்டார். முதல்நாள் தரை டிக்கட்டில், மறுநாள் வாங்குப் பலகையில். மறுநாளும் பாட்டு அதே இடத்தில் இழுத்தால்தான் எழுதுவார். கொட்டகைக்காரர் ஒருமுறை இனாம் டிக்கட் நீட்டினார். முத்தலிப் கையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படிப்பட்டவரும் ஒருதரம் சறுக்கினார். அதைத்தான் எழுத வந்தேன்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு. காட்டுக்குத் துரத்தப்பட்ட ஓர் இராசாவின் கதை படமாக வந்து ஓடியது. அதே கதையைப் பாண்டிருப்பில் கூத்தாகவும் போட்டார்கள். கனகரெத்தினம் அண்ணாவியார் ஆறு மாதம் நின்று பழக்கிய கூத்து. இராசா வேஷம் அழகரெத்தினத்துக்கு, கரைவலை இழுக்கிறவர். அரங்கேற்றத்துக்கு முத்தலிப் போனார். அரங்கேற்றம் ஒன்றுதானே என்று இரண்டாம் தரம் பார்க்கக் காத்திருக்கவில்லை. வந்து எழுதி ஒட்டினார்: “இராசாவுக்கு மூச்சுப் போதாது. பாட்டைப் பாதியில் விடுகிறார். பக்கத்தில் நிற்பவர்கள்தான் முடிக்கிறார்கள். படத்து இராசா ஒரே மூச்சில் பாடுகிறார்.”

அடுத்த நாளே மீன் சந்தையில் பகிடி தொடங்கிவிட்டது. “ராசா, மிச்சப் பாட்ட ஆரு படிக்கிற?” என்று கேட்காத வாய் இல்லை. அழகரெத்தினம் சதங்கையைக் கொண்டுபோய் அண்ணாவியார் வீட்டில் வைத்துவிட்டு, இனி ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அரங்கேற்றம் முடிந்தால் வீட்டுக்கு வீடு போய் முற்றத்தில் ஆடுவது வழக்கம். அதற்கு நாலு நாள்தான் இருந்தது. இராசா இல்லாமல் எந்த முற்றத்தில் போய் நிற்பது? ஆறு மாத உழைப்பு மண்ணாகப் போகிற நிலை.

முத்தலிப் என் சைக்கிள் கடையில் இருந்தபோது அண்ணாவியார் தேடி வந்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை; அண்ணன் முறை வைத்து, எங்கள் ஊர் வழக்கில் காக்கா என்றே கூப்பிட்டார்.

“காக்கா, நாளைக்குப் பின்னேரம் களரிக்கு வாங்க. சின்ன வேலையொண்டு இரிக்கி.”

நானும் கூடப் போனேன். களரி என்பது அவர்கள் கூத்தாடுகிற வட்ட மேடை. அண்ணாவியார் இராசாவின் பாட்டில் ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்து, அதைப் பாடிக்கொண்டே மூன்று சுற்று ஆடி வரச் சொன்னார். வேலியடியில் அழகரெத்தினம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முத்தலிப் சாறனை மடித்துக் கட்டினார். மத்தளம் பேசியது. முதல் சுற்றுச் சரி. இரண்டாவதில் திரும்பும்போது குரல் அறுந்தது. அறுந்த இடத்திலேயே பிற்பாட்டுக்காரர் வரியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது சுற்றில் அவரிடமிருந்து கால் சத்தம் மட்டும்தான் வந்தது.

அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தினார். “ஆடுறவன் பாட்ட எடுத்துக் குடுப்பான், நாங்க வாங்கிப் படிப்பம். அவன்ட காலுக்கும் மூச்சு வேணும் காக்கா. படத்தில பாடுறவர் வேற எங்கயோ நிண்டு பாடுறார். ஆடுறவர் வாயத்தான் அசைக்கிறார்.”

“அது எனக்குத் தெரியும்,” என்றார் முத்தலிப், மூச்சு வாங்கியபடி. “தெரிஞ்சிரிந்தும் எழுதிட்டன்.”

வேலியடியிலிருந்து அழகரெத்தினம் சொன்னார்: “ரெண்டாஞ் சுத்திலயே போயிட்டே காக்கா. நான் நாலு சுத்து.”

“அண்டைக்கு அஞ்சு. நான் எண்ணினன். எழுதத்தான் இல்ல.”

மறுநாள் விடிய இரண்டாவது தாள் ஒட்டப்பட்டது. பழையதை அவர் கிழிக்கவில்லை. அதன் கீழேயே ஒட்டினார். “மேலே உள்ளது என் பிழை. படத்தை அளக்கும் கோலால் கூத்தை அளந்தேன். படம் எப்போதோ முடிந்த வேலை. நாளைக்கும் அப்படியே வரும். கூத்தில் மனிதர் நம் கண்முன்னே மூச்சு விடுகிறார். அழகரெத்தினம் ஐந்து சுற்று ஆடியபடி பாட்டெடுத்தார். கொட்டகையில் இப்படி ஒருவரை நான் கண்டதில்லை. ஒரு குறை உண்டு: நாலாம் பாட்டில் வாள் பிடித்த கை தாழ்ந்துவிட்டது.”

குறை எதற்கு இப்போது என்று நான் எரிந்து விழுந்தேன். ஆளே கோபத்தில் இருக்கிறார், கெடுத்துவிடாதே என்றேன்.

“இல்லாட்டி மத்ததை ஆரு நம்புற?” என்றார்.

அழகரெத்தினம் வலை இழுத்த ஈரத்தோடு வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். ஐந்து சுற்றுக்கு அவர் முகம் அசையவில்லை. கடைசி வரிக்கு வலது கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

“அது மெய்தான். தோள் நொந்த,” என்றார். பிறகு அண்ணாவியார் வீட்டுப் பக்கம் நடந்தார்.

குறித்த நாளில் பாண்டிருப்பில் முதல் முற்றத்தில் சதங்கைச் சத்தம் கேட்டது. முத்தலிப்பும் நானும் வெயிலில் நின்று பார்த்தோம். நாலாம் பாட்டு வந்தது. வாள் தாழவில்லை.