கரைநாச்சிக்குக் குரல் கொடுத்தவர்

அம்பாசமுத்திரத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு முற்பகலில் நண்பர் சாமுவேல் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணாச்சிக்கு முடிஞ்சிட்டுவே. கிளம்பி வாரும்" என்றார். எதிரே ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதில் பதிந்து கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். பாளையங்கோட்டை வந்து சேரும்வரை பேருந்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முத்தையா அண்ணாச்சியை உங்களில் பலர் நீர்ப்பாசன அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவராக அறிவீர்கள். வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நடந்த ஆட்டம் சிலருக்கு மட்டும் தெரியும். தெரிந்தவர்கள் கேலி செய்தீர்கள். அவர், சாமுவேல், நான் என்று கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்ற மூன்று ஆண்கள் பகடை உருட்டிப் பூதத்தோடு சண்டை போட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது விட்டுப்போன ஆட்டம் அது. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ வைத்தியனாகவோ நடமாடுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். வழியில் எதிர்ப்படும் மனிதர், பூதம், தெய்வம் எல்லாருக்கும் கதை சொல்லுகிறவரே குரல். எங்களுக்கு அண்ணாச்சிதான் கதை சொன்னார். கூட வந்த புத்தகத்தில் தெய்வங்களும் இருந்தார்கள். "இந்தச் சாமிகளுக்கு நம்ம ஊரு வெயில் ஆகாதுவே" என்று அவர்களை ஓரங்கட்டிவிட்டார். மலையிலிருந்து கடல்வரைக்கும் ஓர் ஆற்றை வரைந்து, அதன் கரைகளுக்கு ஓர் அம்மனை உண்டாக்கினார். கரைநாச்சி என்று பெயர். அவள் யாரையும் கொல்ல மாட்டாள், தண்டிக்கவும் மாட்டாள். அவளுடைய அடியார் விதி மீறினால் பேச்சை நிறுத்திக்கொள்வாள்.

மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாரான சாமுவேலுக்கு இதில் சங்கடம். ஆட்டத்தில்கூட இன்னொரு சாமியைக் கும்பிட அவருக்கு மனம் வரவில்லை. வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "நீரு கும்பிடாதவராவே இரும். அவளுக்கு அதுல ஒரு மனத்தாங்கலும் கிடையாது" என்றார். ஆகவே சாமுவேல் வாள்வீரன், நான் கரைநாச்சியின் அடியாரான வைத்தியன்.

ஒரு நாள் சாமுவேலின் வீரனைப் பாம்பு கடித்துவிட்டது. எனக்குப் பதற்றம். "ஆத்தா, இவனைப் பிழைக்க வை. உனக்குக் கிடா வெட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் குலதெய்வத்திடம் பேசிப் பழகிய வாய், வேறு எப்படிக் கேட்கும்? அண்ணாச்சி குரலைப் பையத் தாழ்த்தினார். கரைநாச்சி பேசும்போது மட்டும் அப்படித் தாழ்த்துவார். "வைத்தியரே, அந்தக் கிடா எனக்கு என்ன கெடுதல் செஞ்சிது?" என்றாள் அவள். நேர்ந்துகொள்வது அவளுடைய விதிக்கு ஒவ்வாது. வீரன் செத்துப்போனான். சாமுவேல் அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

அவளுடைய தலையாய விதி தண்ணீர். கேட்டவன் பகைவனே ஆனாலும் அடியார் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். ஒரு முறை எங்களைத் துரத்தி வந்த கொள்ளைக்காரன் காயம்பட்டுக் கிடந்து தண்ணீர் கேட்டான். "கொடுக்காதேயும்வே, எந்திரிச்சு வெட்டுவான்" என்று சாமுவேல் கத்தினார். கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து வெட்டத்தான் செய்தான். இந்த அம்மனால் நமக்கு என்ன லாபம் என்று அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன். "தாகத்துல நல்லவன் கெட்டவன் உண்டாவே?" என்று கேட்டுவிட்டுக் காப்பி ஆற்ற ஆரம்பித்தார்.

போன வருஷம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. மதுரைக்குக் கொண்டுபோனோம், திரும்பக் கொண்டுவந்தோம். கடைசியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடம்பு நீரைத் தள்ளாததால் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சித்திரை வெயில் வேறு. சாமுவேல் கட்டிலருகே முழங்கால் படியிட்டு ஜெபித்தார். நான் வெட்கத்தை விட்டு எங்கள் குலதெய்வமான சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்துகொண்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு மத்தியானம் மதினி, அவர் மனைவி, சோறு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். அண்ணாச்சி கண்ணைத் திறந்து, "ஒரு மடக்குத் தண்ணி தாரும்வே" என்றார். அன்றைய அளவு காலையிலேயே தீர்ந்திருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் தடவினேன். "தடவாதேயும். தாரும்" என்றார். கூஜா என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கொடுத்தால் மூச்சுமுட்டும் என்று தெரியும். வாழ்நாளெல்லாம் ஊர் வயலுக்குத் தண்ணீர் போகிற வழியை வரைந்தவர் என்னிடம் ஒரு மடக்குக் கேட்கிறார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கணத்தில் செத்துவிடலாம் போல் இருந்தது எனக்கு.

அண்ணாச்சி என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு குரலைப் பையத் தாழ்த்தினார்.

"வைத்தியரே, இன்னைக்குக் கொடுக்காண்டாம். நான் கோவிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்துச் சாமுவேலின் தொலைபேசி வந்தது.

சாவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போனவர்கள் ஆற்றிலிருந்து குடங்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். குடம் குடமாக அவர் தலையில் ஊற்றினார்கள். முகத்தில் வழிந்து, மூடிய உதட்டில் வழிந்து, முற்றமெல்லாம் ஓடியது. என்னால் பார்க்க முடியவில்லை. சாமுவேல் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

வரைபடங்களும் பகடைகளும் மதினியிடம் இருக்கின்றன. இருக்கட்டும். என்னிடம் அவர் விட்டுப்போனது தாகத்தோடு கிடந்தவர் எனக்குத் தந்த அந்த மன்னிப்பு. அதைத் தந்தது கரைநாச்சியா, அண்ணாச்சியா என்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் சாமுவேல். போவேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். அவளாகப் பேச ஆள் இல்லை.