நான் குடுக்காத வாக்கு

எங்க தொழில்ல சம்பளம் கெடையாது, லீவு கெடையாது, வூட்ல மரியாதையும் கெடையாது. கிராமத்துல கட்சி வேல பாக்கற தம்பிங்களே, உங்க பொழப்பும் இதான்னு எனக்குத் தெரியும். நான் ஆந்திரா பார்டர்ல நகரி பக்கம் பவர்லூம் ஓட்டிக்கினு, ராத்திரி ஸ்கூல்ல படிச்சிக்கினு, மிச்ச நேரத்துல கொடி கட்டினவன். குறி ஒண்ணுதான்: எங்கூரு சர்பஞ்ச் சீட்டு, அதான் பஞ்சாயத்துத் தலைவர் பதவி. அதே சீட்டுக்கு எங்க கட்சியிலயே மோகனும் காத்துக்கினு இருந்தான். யார நிறுத்தறதுன்னு மண்டலத் தலைவர்தான் சொல்லணும்.

ஃப்ளெக்ஸ்

தலைவர் பொறந்தநாளுக்கு பஸ் ஸ்டாப்ல ஃப்ளெக்ஸ் வெச்சோம். மேல பெரிய தலைங்க, நடுவுல எங்க தலைவர், அவுரு பக்கத்துல கூலிங் கிளாஸோட மோகன். நான் அடி மூலைல, கும்புட்ட கையோட, ஸ்டாம்பு சைசுல. நைனாவ இட்டாந்து பெருமையா காட்டினேன். குனிஞ்சி பாத்துட்டு சொன்னாரு: "உன் மூஞ்சி தெரியணும்னா பாக்கறவன் ஆடாப் பொறந்திருக்கணும்டா."

ரெண்டு பொட்டி

சாவு வூட்டுக்கு மொதல்ல ஐஸ் பொட்டி கொண்டாறவன்தான் ஊருக்கு லீடர். காலனில ஒரு பெரியவர் போயிட்டாருன்னு தெரிஞ்சதும் நான் புத்தூருக்கு போன் போட்டேன், மோகன் நகரிக்குப் போட்டான். ரெண்டு வண்டியும் ஒண்ணா வந்து சந்துல மாட்டிக்கிச்சு. எது உள்ள போறதுன்னு எங்களுக்குள்ள சண்ட. கண்ணத் தொடைச்சிக்கினே வெளிய வந்த மருமக கேட்டுச்சு: "செத்தது எங்க மாமா ஒருத்தருதான். இன்னொரு பொட்டி உங்கள்ல யாருக்கு?"

தமிழ்ல சொல்றது

எங்கூர்ல ஒரு வழக்கம். தலைவர் தெலுங்குல பேசுவாரு, பக்கத்துல ஒருத்தன் நின்னு அத தமிழ்ல சொல்லணும். கேக்கற எல்லாருக்கும் தெலுங்கு நல்லாவே தெரியும். ஆனாலும் சொல்லணும், அது ஒரு மரியாத. ஒரு கூட்டத்துல நான் நின்னேன். எங்க தெருவுக்குக் குடிதண்ணி கேட்டாங்க. தலைவர் "சூஸ்தாம்"னாரு, பாக்கலாம்னு. எனக்கு வாய் நிக்கல. "உகாதிக்குள்ள வூட்டுக்கு வூடு பைப்பு போட்டுக் குடுப்பாரு!" ஒரே கைதட்டு. அரைகொற தமிழ் தெரிஞ்ச தலைவர், எதுக்குத் தட்றாங்கன்னு என்னைப் பாத்தாரு. எறங்கி வந்ததும், தறி ஓட்டற செல்வி அக்கா புடிச்சிக்கிச்சு: "அவுரு சொன்னதும் புரிஞ்சிது, நீ சொன்னதும் புரிஞ்சிது தம்பி. நாங்க உன் பேச்சத்தான் வெச்சிக்கினோம்."

பைப்பு

அப்புறம் ஏது தூக்கம்? மண்டல ஆபீசு, இஞ்சினீர் வூடு, காண்ட்ராக்டர் குந்தற டீக்கடன்னு அலைஞ்சேன். போற எடமெல்லாம் "தலைவர் மேடைல வாக்கு குடுத்துட்டாரு"ன்னேன். ஜனங்க அவுருக்கே போன் போட்டு தேங்க்ஸ் சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் சொல்லவே இல்லன்னு அவுரு எப்பிடி சொல்லுவாரு? அவுரே ஆபீசுக்குப் போயி சத்தம் போட்டாரு. உகாதிக்கு முன்னாடியே கொழாய்ல தண்ணி வந்துது. என்னைத் தனியா கூப்ட்டாரு. சீட்டு போச்சின்னுதான் போனேன். "ஒரேய், நான் குடுக்காத வாக்க என் தலைல கட்டிட்ட. இனிமே சீட்டுக்கு நீயே நில்லு, நீயே திட்டு வாங்கு."

ஓட்டு

மோகன் கோச்சிக்கினு தனியா நின்னான். எண்ணி முடிக்கறதுக்குள்ளயே எங்க தெருவுல பட்டாசு. என்னைத் தோள் மேல தூக்கிக்கினு ஊரச் சுத்தனாங்க. நைனா அண்ணாந்து பாத்து மால போட்டாரு. கூட்டத்த வெலக்கிக்கினு வந்து மோகன் கை குடுத்தான்: "எங்கம்மாவே உனக்குத்தான்டா குத்திச்சு. ஏம்மான்னு கேட்டா, 'தள்ளி நில்லு, கொடம் ரொம்புது'ன்னுது."

ஆக, நம்ம தொழில்ல மேல வர்றதுக்குப் பெரிய வித்தையெல்லாம் வேணாம் தம்பிங்களா, வாய்க்கு வந்தத ஒருவாட்டி சொல்லிட்டு, அது நெசமாகற வரைக்கும் ஓடிக்கினே இருந்தா போதும்.