கண்ணைப் பார்க்காமல் கேட்டவள்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை. நாட்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பெட்டியோடு வந்து நின்றாள் வடிவு – என் தங்கை மகள். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தங்கி, சமூகப்பணியில் முதுகலை படிக்கிறவள்.

"படிப்பு போதும் மாமா. ஊருக்குப் போயிருதேன். எஸ்.டி.டி. பூத்துல இருந்து அம்மாட்ட சொல்லிட்டேன்."

"ஏன்ம்மா?"

"ஒருத்தியும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா!"

விஷயம் இதுதான். இந்தப் படிப்பில் வகுப்பு பாதி, களப்பணி பாதி. வடிவுக்குக் கிடைத்தது பாபநாசம் போகிற வழியில், ஆற்றோரம் ஒரு ஊர். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற பெண்கள். அவர்களோடு பழகி, குறைகளைக் கேட்டு, ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும். எப்படிக் கேட்பது? வகுப்பில் முதல் பாடமே அதுதானாம் – எதிரே உட்கார்... கண்ணைப் பார்... பேசவிடு.

பீடி சுற்றுகிறவளின் கண் எங்கே இருக்கும்? மடியில் சொளகு என்கிற முறம், சொளகில் இலையும் தூளும். பார்வை நகர்ந்தால் பீடி கோணும். கோணினால் கூலி கொடுக்கிற பீடிக் கடையில் கழித்துவிடுவார்கள். வடிவோ எதிரே உட்கார்ந்து, குனிந்து குனிந்து அவர்கள் கண்ணைத் தேடியிருக்கிறாள்.

"எப்படிக்கா இருக்கீங்க?"

"நல்லாருக்கோம்."

"ஏதாவது கஷ்டம்...?"

"ஒண்ணும் இல்லயே."

மாதக்கணக்கில் இதே பதில். மேற்பார்வைப் பேராசிரியர் கேட்டுவிட்டார் – குழு எங்கேம்மா? இந்தப் பருவத்துக்குள் குழு அமையாவிட்டால் களப்பணியில் தேற முடியாது.

நான் என்ன யோசனை சொல்ல? "திங்கக்கிழமை போய் ஒரு வார்த்தை சொல்லிட்டாவது வா. சொல்லாம வந்தா நல்லாருக்காது" என்றேன். அவ்வளவுதான் என் பங்கு.

போனாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்ததாம். அதனால் எதிரே உட்காரவில்லை. திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் வரிசையில், செல்லம்மா என்கிற பெண்ணுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள். கை சும்மா இருக்குமா? வெட்டிய இலைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தது.

ஒரு கட்டு இலை அடுக்கி முடிந்தது. பிறகு செல்லம்மா, சொளகைப் பார்த்தபடியே: "எம்மவள எட்டாவதோட நிறுத்திட்டாவ. நல்லாப் படிப்பா."

அடுத்தவள்: "ஒம்மவளாவது எட்டு. எம்மவ அஞ்சோட நின்னுட்டா."

மூன்றாவதாக ஒரு குரல்: "ஏளா செல்லம்மா, நிறுத்துனது ஒன் மாப்பிள்ளையா, நீயா?"

"...நாந்தாம்ளா. ஒத்த ஆளா எம்புட்டுச் சுத்த?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாருமே சிரிக்கவில்லை.

வடிவு அன்று விடைபெறவில்லை. அடுத்த வாரமும் போய் அதே இடத்தில், அதேபோல உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்தா பேராசிரியர் சொல்லாமல் வந்து நிற்க வேண்டும்?

"என்னம்மா இது? யார் முகத்தையும் பாக்காம நீ பாட்டுக்கு இலை அடுக்கிக்கிட்டு இருக்க?"

பதில் சொன்னது செல்லம்மா – நிமிராமல்.

"மூஞ்சியப் பாத்துக் கேட்டா என்னத்த சார் சொல்லுவோம்? நல்லாருக்கோம்னுதான் சொல்லுவோம்."

பேராசிரியர் நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாராம். "சாரும் இலை அடுக்குதியளா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவரும் கொஞ்சம் அடுக்கினாராம்... கோணலாக.

பாடம் தப்பு என்று சொல்லமாட்டேன். எதிரெதிரே நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பேச நேரம் உள்ளவர்களை நினைத்து எழுதிய பாடம். அவ்வளவுதான்.

நேற்று ஞாயிறு, வடிவு வந்திருந்தாள். அந்தத் திண்ணை வரிசையே குழுவாகிவிட்டது; குழு அமைந்தது என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார், படிப்பு தொடர்கிறது. செல்லம்மாவின் மகள் மட்டும் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.

"எப்படிம்மா இருக்க?" என்றேன், முகத்தைப் பார்த்து.

"நல்லாருக்கேன் மாமா."

நான் திரும்பி நின்று, பைய நாட்காட்டித் தாளைக் கிழிக்க ஆரம்பித்தேன்.

"மாமா..." என்றாள்.