நான்கு மணி நேரத்துக்கு ஏற்ற நாவல்கள்

முதலில் செருப்புதான் சொன்னது. வார் பதிந்த தடம் இரவு வரை காலில் மறையாமல் இருந்தது. நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்தே வேலை பார்த்தவன் நான். நாற்காலியின் குற்றம் என்று நினைத்தேன்.

பிறகு காலையில் எழும்போது இமைகள் வீங்கின. சிறுநீரில் நுரை நின்றது. கல்மண்டபத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காசிமேட்டுக்கு நடந்தே போய் மீன் வாங்குவது ஞாயிற்றுக்கிழமை வழக்கம். ஒரு ஞாயிறு திரும்பும் வழியில் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினேன். என் மனைவி செல்வி பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கால் கிலோ நெத்திலிக்கு இந்த மூச்சா? நாளைக்கு மொத வேலையா டாக்டர்கிட்ட போற."

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளில் ஒன்று, தேங்கினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள்) பல மடங்கு ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டதாக ஸ்கேன் சொன்னது. காரணம், நான் பல ஆண்டுகள் பார்க்காமல் விட்ட ரத்த அழுத்தம். டாக்டர் அம்மா குரலை உயர்த்தவில்லை.

"வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம்."

"எத்தனை மாசத்துக்கு டாக்டர்?"

"மாத்து சிறுநீரகம் கெடைக்கிற வரைக்கும். கெடைக்கலைன்னா, இதுதான்."

இதைப் படிப்பவர்களில் சிலர் இதே பதிலைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பீர்கள். மருந்தையும் உணவையும் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வார். அவர் சொல்லாத ஒன்றுக்கு மட்டுமே நான் பொறுப்பேற்க முடியும்: அந்த நான்கு மணி நேரத்தில் என்ன படிப்பது, எப்படிப் படிப்பது.

என் இடது முன்கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் சிறு அறுவைச் சிகிச்சை, ரத்தத்தை எடுக்கவும் திருப்பவும் ஊசி குத்தும் வழி இதுதான்) போட்டார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் தோலுக்கடியில் ஒரு வண்டு ரீங்கரிப்பதுபோல அதிர்வு தெரியும். "இது உங்க உயிர்நாடி. தினமும் தொட்டுப் பாருங்க. அதிர்வு நின்னா உடனே ஓடி வந்துடணும்" என்றார் டாக்டர். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. ஊசி ஏறியிருக்கும்போது அசைக்கவே கூடாது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் மையம். செவ்வாய், வியாழன், சனி. கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். முதல் நாளே மாய உலக நாவல் ஒன்றைக் கொண்டுபோனேன். பதினைந்து வயதிலிருந்து என் விருப்பம் அதுதான். பகலெல்லாம் விபத்தும் விலைவாசியும் திருத்துகிறவனுக்கு, இரண்டு நிலவு உதிக்கும் ஊர் ஒன்று தேவைப்பட்டது.

பக்கத்துக் கட்டிலில் கபூர் பாய். தண்டையார்பேட்டைக்காரர். துறைமுகத்தில் ராட்சத கிரேன் ஓட்டியவர். இருபது வருடம் அந்தரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்ததால் விண்வெளிக் கதைகளில் ருசி பிடித்தது என்பார். என் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னா எடிட்டரே, மந்திரவாதி கதையா? நைனா, இங்க மிஷின் பண்ற வேலைய எந்த மந்திரவாதி பண்ணுவான்?"

"உங்க ராக்கெட்டு பண்ணுமா பாய்?"

"பண்ணாது. ஆனா ஏன் பண்ணலன்னு கணக்கா சொல்லும்."

அன்று தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. ஆனாலும் இருவரும் ஒருவருக்கொருவர் புத்தகம் கொடுத்துக்கொண்டே இருந்தோம். வாங்குவதற்கு முன் பாய் மூன்று கேள்விகள் கேட்பார். "முடிஞ்ச கதையா? விருந்து கீதா? கையில நிக்குமா?"

முதல் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆசிரியர் கடைசிப் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கும் தொடர்களை எங்கள் அறையில் யாரும் தொடுவதில்லை.

இரண்டாவது, அனுபவத்தில் வந்தது. எங்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். இளநீர், வாழைப்பழம், கருவாடு எல்லாம் விலக்கு. மாய உலகக் கதைகளிலோ பத்து அத்தியாயத்துக்கு ஒரு முறை அரண்மனையில் விருந்து நடக்கும். பழச்சாறு ஆறாக ஓடும். பாய் அந்தப் பக்கங்களைத் துணி கிளிப் போட்டு மூடிவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார். "கத ஒண்ணும் நஷ்டமாவாது. துன்னுட்டு அடிச்சிக்கினானுங்க, அவ்ளோதான்" என்று சுருக்கமும் சொல்வார்.

மூன்றாவது கேள்வியில்தான் நான் தவறினேன்.

பாய் கனமான நாவல்களை வெட்டிவிடுவார். வண்ணாரப்பேட்டையில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்து, நூறு நூறு பக்கமாகப் பிரித்து, பழைய காலண்டர் அட்டை போட்டுத் தைத்து வாங்குவார். ஒரு பகுதி ஒரு நாளைக்கு. வலது கையில் பிடித்து, கட்டைவிரலாலேயே பக்கம் தள்ளலாம். இடது கை அசையவே வேண்டாம். அந்தப் பகுதிகளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் சட்டம். கம்பளிகள் வைக்கும் இரும்பு அலமாரியிலேயே அவை இருக்கும்.

"வூட்லயே படிச்சி முட்சிட்டா, அப்பால இங்க வர்றதுக்கு இன்னா கீது?"

எனக்கு அந்தச் சட்டம் பிடித்தது, வெட்டுவது பிடிக்கவில்லை. புத்தகத்தின் முதுகில் கத்தி வைப்பவரைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். அதனால் 'ஏழு வாயில் நகரம்' நாவலை முழுசாகவே கொண்டுபோனேன். தொள்ளாயிரத்து நான்கு பக்கம், கெட்டி அட்டை. அந்த நகரத்தின் ஒவ்வொரு வாயிலும் உள்ளே வருகிறவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். எதை எடுத்தது என்பது அவருக்கே தெரியாது. தங்கையைத் தேடி வரும் ஒரு மாலுமிப் பெண், ஆறாம் வாயிலில் நின்று, இதுவரை தான் இழந்தவை என்ன என்று காவலரிடம் கேட்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் மணி நேரம், அறுநூற்றுப் பதினோராம் பக்கம். காவலர் வாய் திறக்கிறார். நெஞ்சில் சாய்த்து வைத்திருந்த புத்தகம் கட்டிலுக்கு வெளியே சரிந்தது. நான் அதைப் பிடித்தேன். இடது கையால்.

இயந்திரம் அலறியது. முன்கை கண்ணெதிரே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்தது. ஊசி ரத்தக்குழாயின் சுவரைக் கிழித்து, ரத்தம் தசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் மேரி ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார். ஊசியை எடுத்துவிட்டு விரலால் அழுத்திக்கொண்டார். பிறகு ஐஸ் வைத்தார்கள். புத்தகம் என் வலது பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

"புக்கு கீழ வுயுந்தா இன்னா எடிட்டரே, எலும்பா ஒடிஞ்சிடும் அதுக்கு?" என்றார் பாய்.

டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். அதிர்வு இருந்தது, ஆனால் பலவீனமாக. "மூணு வாரம் இந்தக் கைக்கு ஓய்வு. கழுத்துல தற்காலிகக் குழாய் போட்டு டயாலிசிஸ் பண்ணலாம். ஃபிஸ்டுலா தப்பிச்சுடும்னு நினைக்கிறேன். தப்பிக்கலைன்னா வேற எடத்துல புதுசா போடணும். அதுக்கு உங்க ரத்தக்குழாய் எல்லாம் அவ்வளவு நல்லா இல்ல."

வீட்டுக்கு வந்ததும் செல்வி நாவலை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். "அதுக்குத் தொள்ளாயிரம் பக்கம் கீது. உனுக்கு இருக்கறது இந்த ஒரு கை" என்றாள்.

கழுத்தில் குழாய் இருந்த மூன்று வாரமும் இரண்டு கைகளும் எனக்குச் சும்மாதான் இருந்தன. எவ்வளவு பெரிய புத்தகத்தையும் பிடித்திருக்கலாம். ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. வலது கை விரல்கள் இடது மணிக்கட்டிலேயே கிடந்தன, அதிர்வு இருக்கிறதா, இருக்கிறதா என்று. உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வரலாம். அப்போது படிக்க முடியவில்லையே என்று உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பாய் தன் கட்டிலிலிருந்து எனக்காக உரக்கப் படித்தார். 'கடலடி வானொலி' என்ற மெல்லிய அறிவியல் புனைவு. கடலுக்கடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தனித்துவிடப்பட்ட பொறியாளர் தினமும் மேலே செய்தி அனுப்புகிறார். யாராவது கேட்கிறார்களா என்று அவருக்குத் தெரியாது. பாய் அதை உள்ளபடி படிக்கமாட்டார்.

"அலோ, மேல யார்னா கீறீங்களா? இன்னிக்கும் நான் நல்லாத்தான் கீறேன். மீன் ஒண்ணு கண்ணாடியாண்ட வந்து மொறச்சிகினு போச்சி…"

"பாய், புத்தகத்துல அப்படியா இருக்கு?"

"அர்த்தம் அதான். நீ கம்முனு கேளு."

மேரி ரத்த அழுத்தம் குறிக்க வந்தவர், குறித்து முடித்த பிறகும் நின்று கேட்டார். பதினெட்டு நாள் கழித்து அந்தப் பொறியாளருக்குப் பதில் ஒன்று வருகிறது. என்ன பதில் என்று இங்கே சொல்லமாட்டேன். அந்த நாவலை நீங்கள் படிக்க வேண்டும். புதிதாகக் கட்டிலில் படுக்கும் எவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். எடையே இல்லை, விருந்து இல்லை, முடிந்த கதை.

நான்காவது வாரம் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை என் கையில் வைத்தார். நெடுநேரம் கேட்டார். பிறகு அதை என் காதில் மாட்டினார். பாலத்தில் ரயில் போவதுபோல் ஓர் ஓசை, நிற்காமல்.

"நல்லாவே ஓடுது" என்றார்.

அன்று வீட்டில் செல்வியே நாவலை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். வண்ணாரப்பேட்டைக்கு இருவரும் போனோம். புத்தகம் அவள் பையில் இருந்தது. பைண்டிங் கடைக்காரர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வெட்டணும் சார்?" என்றார். இருபத்தாறு ஆண்டுகள் அடுத்தவர் எழுதிய செய்திகளைப் பத்திக்கு ஏற்றபடி யோசிக்காமல் வெட்டியவன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை புரட்டினேன். பிறகு ஒன்பது இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். கடைசிப் பகுதிக்கு வந்த அட்டையில் போன வருடத்து டிசம்பர் மாதம் இருந்தது.

ஆறாம் வாயில் காவலர் சொன்ன பதிலைக் கேட்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த மாலுமிப் பெண் இழந்தவற்றில் அவசரமும் ஒன்று. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கட்டைவிரலால் பக்கத்தைத் தள்ளினேன்.

செய்தி எழுதுகிறவர்கள் முடிவை முதல் வாக்கியத்திலேயே வைத்துவிடுவோம். வாசகரைக் காக்க வைப்பது எங்கள் தொழிலில் குற்றம். நேற்று, சனிக்கிழமை, டிசம்பர் அட்டை போட்ட பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வாயில் பாதி திறந்திருந்தது. இயந்திரம் நேரம் முடிந்ததாகக் கூவியது.

"மேரி, இன்னும் பதினோரு பக்கம்தான்."

"அடுத்த ஷிஃப்ட்டு ஆளு வெளிய நிக்கிறாரு சார்."

புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பாய் கையை நீட்டினார். கொடுத்தேன். அலமாரியில் கம்பளிக்கு மேலே வைத்து மூடினார்.

எங்களுக்கு வாரத்தில் மிகக் கடினமான பகுதி சனிக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்டது. இரண்டு முழு நாள். உடம்பில் தண்ணீர் ஏறும், மூச்சு கனக்கும். முன்பெல்லாம் அந்த நாட்களை எப்படியாவது தாண்ட வேண்டியவை என்று மட்டுமே பார்த்தேன்.

இன்று ஞாயிறு. செல்வி காசிமேட்டுக்குப் போயிருக்கிறாள். நான் அளந்து வைத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, இடது மணிக்கட்டைக் காதோடு வைத்துப் படுத்திருக்கிறேன். ரயில் போய்க்கொண்டிருக்கிறது. பதினோரு பக்கம் மிச்சம் இருக்கிறது.