ஃபியூஸ் அக்காவின் திருவிழாக்கள்

உங்கள் தெருவில் திருவிழா விளக்குகள் எரியத் தொடங்கும் நொடியில் நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டது உண்டா? இருக்காது. பார்க்கத்தானே போகிறோம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எல்லாத் திருவிழாவுக்கும் போயும், ஒரே ஒரு முறை தவிர, விளக்கு எரியும்போது நிமிர்ந்தே பார்க்காத ஒருத்தி இருக்கிறாள்.

அவள் புருஷன் லைட்டுக்காரர். தெருவுக்குக் குறுக்கே இரும்பு வளைவை நிறுத்தி, அதன் உச்சியில் ஏறி சீரியல் பல்புகள் கட்டுகிறவர். இவளுக்குக் கீழே வேலை. மின்பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நிற்பாள். அவர் இறங்கித் தரையை மிதித்த பிறகுதான் அந்தக் கை திறக்கும். அதனால் ஊருக்கு அவள் ‘ஃபியூஸ் அக்கா’.

விழாக் கமிட்டி ஆட்களுக்கு இது வேடிக்கை.

“என்னக்கா, புருஷனையே கைக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க போல!”

“ஆமா, விட்டா நீங்க தூக்கிட்டுப் போயிடுவீங்க.”

அவள் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். அவளுடைய அண்ணனுக்கும் இதே தொழில்தான். அவர் உச்சியில் இருந்தபோது, எரிகிறதா என்று பார்க்க யாரோ சுவிட்சைத் தட்டினார்கள். அண்ணன் உயிரோடு இறங்கவில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. விழா மறுநாளும் நடந்தது.

மற்றவர்களுக்கு ஆண்டு திருவிழாக்களால் நகர்கிறது, இவளுக்குப் பயங்களால். மழைக்கால விழா என்றால் ஈர இரும்பு. பனிக்கால விழாவில் ஏணிப்படி வழுக்கும். காற்று மாதத்து ஊர்வலத்தில் வளைவே ஆடும். கோடை விழாவாவது நிம்மதியா என்றால், வியர்த்த கை. மின்சாரத்துக்கு வியர்வை என்றால் கொள்ளைப் பிரியம்.

போன அறுவடை விழா. பொழுது சாய்கிற நேரம். லைட்டுக்காரர் உச்சியில் கடைசி இணைப்பைத் திரித்துக்கொண்டிருந்தார். தலைமை விருந்தினரின் கார் தெருமுனைக்கு வந்துவிட்டதென்று கமிட்டிச் செயலாளர் ஓடிவந்தார்.

“கட்டையைப் போடும்மா. மானம் போகுது.”

“மேல ஆள் இருக்காருங்க.”

“ரெண்டு நிமிஷம் எரிஞ்சா குடியா முழுகிடும்?”

“அப்ப நீங்க ஏறுங்க. தாராளமா எரிய விடறேன்.”

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. “உன்கிட்ட பேசுறதுக்குச் செவுத்துல முட்டிக்கலாம்” என்று திரும்பிப் போனார். கட்டை நம்மிடம்தானே இருக்கிறது, என்ன செய்துவிட முடியும் என்று தைரியம் சொல்லிக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் மைக்செட்டுக்காக ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. வளைவின் மறுபக்கக் காலில் தொங்கிய வயரை அதில் செருகச் சொன்னார் செயலாளர். மைக்செட்காரர் செருகினார்.

தெரு பளீரென்றது. கூட்டம் ‘ஹோ’வென்று கைதட்டியது. கட்டை அவள் கைக்குள்தான் இருந்தது. தலைக்கு மேலே வளைவு முழுக்க எரிந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கூசியது. அந்த வெளிச்சத்துக்குள் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அவள் போட்ட கூச்சல் கைதட்டலில் கரைந்தது. உறுமல் வந்த திசையில் ஓடினாள். நாற்காலிகளில் இடித்து, விழுந்து, எழுந்து, வயரைப் பிடுங்கி எறிந்தாள். தெரு இருண்டது. கூட்டம் விசிலடித்துத் திட்டியது.

வளைவின் அடிக்குத் திரும்பி வந்து கூப்பிட்டாள்.

“ஏங்க...”

இருட்டுக்குள் அண்ணாந்து மறுபடி கத்தினாள்.

“ஏங்க!”

“இருக்கேன்டி. ஏணியைப் பிடி. காலு நிக்க மாட்டேங்குது.”

திரித்த வயர் முனையில் சுற்ற டேப் எடுப்பதற்காக, அந்தக் கணத்தில் அதை விட்டுவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை நுழைத்திருந்தார். பிழைத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். “கடவுள் காப்பாத்திட்டாரும்மா.”

“காப்பாத்தினது கடவுள்னா, கரண்டு விட்டது யாருங்க?”

அடுத்த விழாவின் வேலை வேறொருவருக்குப் போனது. ‘அந்தம்மாவுக்கு வாய் நீளம்’ என்பது கமிட்டி சொன்ன காரணம். அந்தப் புது ஆள் தப்பித்தால் கடவுள் என்பார்கள், விழுந்தால் விதி என்பார்கள். விதியைப் போலக் குற்றவாளிக்குச் செலவில்லாத வக்கீல் வேறு யாரும் இல்லை.

புது ஆளுக்குக் கீழே நிற்க யாருமில்லை என்று அவளுக்குத் தெரியும். விழா நாளில் ஆரவாரம் வீடுவரை கேட்டபோது, சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். கைதட்டலா, அலறலா என்று பிரித்தறிய முடியாமல் அங்கேயே நின்றாள்.

இனி உங்கள் வீட்டுக்கும் விழா நன்கொடை கேட்டு வருவார்கள். கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: மேலே ஆள் ஏறியிருக்கும்போது மின்பெட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் பொறுப்பு யார்? ‘பார்த்துக்குவோம்’ என்பார்கள். அதை ஏற்காதீர்கள். ஓர் ஆளின் பெயரைச் சொல்லும்வரை அவர்களை வாசலிலேயே நிறுத்தி வையுங்கள்.