ஒண்ணும் வேணாம்

அடுப்பிலிருந்து இறக்கிய பன்னின் வாசனை வந்தால் எல்லோருக்கும் பசிக்கும். எனக்கு மட்டும் இன்றைக்கும் அம்மா எங்கே என்று தேடத் தோன்றும். நான் சிறுமியாக இருந்தபோது, மழையை நம்பிப் பிழைக்க முடியாத எங்கள் பக்கத்து ஆட்கள் பலரையும்போல என் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் 'பில்டிங் வேலை'க்குப் போயிருந்தார்கள். கடத்தூரில் பெரியம்மா வீட்டில் என்னை விட்டுவிட்டு, பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் வருவார்கள்.

அவர்கள் கிளம்பும் நாளை யாரும் எனக்குச் சொல்லமாட்டார்கள். அம்மா தலை சீவிவிட்டபடியே, "என் கண்ணுக்கு என்னா வேணும்?" என்பாள். நான் 'கிரீம் பன்' என்பேன். பெரியம்மா என் கையைப் பிடித்து பேக்கரிக்கு அழைத்துப்போவாள். பன்னைக் கடித்துக்கொண்டே வீடு திரும்பினால் கொடியில் அம்மாவின் சேலை இருக்காது. "அழுவாத சாமி, பண்டிகைக்கு வந்துருவாங்க" என்பாள் பெரியம்மா. வாயிலிருக்கும் கிரீமை விழுங்கவும் முடியாது, துப்பவும் மனசு வராது.

இப்படிச் சிலமுறை ஏமாந்தபின் என் சின்னப் புத்தி ஒரு கணக்குப் போட்டது. நான் ஆசைப்பட்டுக் கேட்பதால்தானே என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் போகிறார்கள், எதுவுமே கேட்காவிட்டால் எப்படிப் போவார்கள்? அடுத்த பொங்கல் முடிந்து ஒருநாள் காலையில் அம்மா சீப்பைக் கையில் எடுத்ததுமே, இன்றைக்குக் கிளம்பப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னா வேணும் கண்ணு?"

"ஒண்ணும் வேணாம்மா."

"பன்னு?"

"வேணாம்."

ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டேன். அம்மா அப்பாவிடம் திரும்பி, "புள்ளைக்கு வெவரம் வந்துருச்சுங்க, இனிமே அழுவமாட்டா" என்றாள். அன்று ஒளியாமல் மறையாமல், என் கண்ணெதிரிலேயே பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

"கெட்டிக்காரப் புள்ள" என்று பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். எனக்கோ, தெரிந்த ஒரே வழியும் அடைபட்டுப்போனபிறகு வேறென்ன செய்வதென்றே தெரியவில்லை.

அந்த பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார், அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் சந்தைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று, "உனக்கு என்னா வேணும் கண்ணு?" என்று கேட்டாள். எனக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பதறிப்போய் எழுந்து அவள் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் வேணாம்மா. நீ இங்கியே இரு."