தண்டவாளத் துண்டில் ஒரு அடி

வள்ளித்தாய்க்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை வேகமெடுக்கும். தாயில்பட்டிக்கு மேற்கே இருக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனியில் அவளோடு உட்கார்ந்து சரம் பின்னுகிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், தீபாவளி சீசனுக்கு முன்னால் ஒருநாள் அவள் கை பறந்த பறப்பைப் பார்த்துவிட்டுப் பொன்மணி மெதுவாகக் கேட்டாள்.

"என்ன மதினி, இன்னைக்கு யாரு மேல கோவம்?"

கோபம் புதிதாக வந்த சூப்பர்வைசர் மேல். பாவம், அவனும் என்ன செய்வான். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. பிளஸ் டூ பாஸ் என்ற ஒரே தகுதியில் வந்து இறங்கியவன், முதல் நாளே வள்ளித்தாயிடம் வந்து, "அக்கா, இதுல திரி எது, நூல் எது?" என்று கேட்டான். மூன்று வருஷத்தில் இப்படி வந்த நாலாவது ஆள் அவன். முன்னால் வந்த மூன்று பேருக்கும் வேலை சொல்லிக்கொடுத்தது வள்ளித்தாய்தான். மூன்று பேரும் அவளிடம் கற்றுக்கொண்டு அவளையே அதிகாரம் செய்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். எரியுமா எரியாதா?

சாயங்காலம் நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"அந்த வேலையை எனக்குக் குடுத்தா என்ன சார்?"

மேனேஜர் நல்ல மனுஷன். "உனக்குத் தெரியாத வேலையா, வள்ளி? ஆனா முதலாளி பிளஸ் டூ கேக்காரு. ரெண்டாயிரத்து ஒம்பது ஜூன்ல பொம்பளையாளுகளுக்குன்னே புதுசா ஒரு வரிசை ரூம் திறக்கப் போறோம். அதுக்குள்ள நீ படிச்சு முடிச்சுட்டேன்னா நானே உனக்காகப் பேசுதேன்" என்றார். அவள் படிக்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் சொல்லியிருப்பார். அவருக்கு வள்ளித்தாயைச் சரியாகத் தெரியவில்லை.

பத்தாவது பாஸ் செய்த கையோடு கம்பெனி வேனில் ஏறியவள் அவள். இப்போது வயது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டது. தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். சிவகாசிப் பழைய புத்தகக் கடையில் நோட்ஸ் வாங்கினாள். காலையில் வேன் வரும்வரை தெருமுக்கில் நின்று படிப்பாள். அவள் புருஷன் முனியசாமி லோடு ஏற்றுகிற வேலை; அவனுடைய இங்கிலீஷ் ஏ பி சி டியோடு சரி. இருந்தாலும் நோட்ஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "சொல்லு, சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்" என்று எதிரே நிற்பான். அவள் தப்பாகச் சொன்னாலும் தலையாட்டுவான், சரியாகச் சொன்னாலும் தலையாட்டுவான்.

மறு வருஷம் மார்ச்சில் எழுதினாள். தமிழ், வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் எல்லாம் பாஸ். இங்கிலீஷில் அறுபத்தொன்று. எழுபது வேண்டும். ஜூன் மாதம் மறுபடி எழுதினாள். அறுபத்தாறு. அந்த நாலு மார்க்கை நினைத்து அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்து வந்த பரீட்சை தீபாவளி சீசன் வேலையில் தவறிப்போனது. இனி மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு, இரண்டாயிரத்து ஒன்பது மார்ச். அதிலும் போய்விட்டால் ஜூனில் புது ரூம் வரிசைக்கு ஐந்தாவது பையன் வந்து, திரி எது நூல் எது என்று கேட்பான்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்றால் பரீட்சைக்கு முன்னால் பிரிவு உபசார விழா வைப்பார்கள். விளக்கேற்றி, வாத்தியார்கள் கையால் பேனா கொடுத்து, போட்டோ எடுத்து, ஆட்டோகிராப் நோட்டில் எழுதி அனுப்புவார்கள். தனித்தேர்வருக்கு யார் விழா வைப்பது? பொன்மணிக்கு இது பொறுக்கவில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூட்டிவிட்டாள். சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம், கலர் நாலு பாட்டில், ஒரு புதுப் பேனா. பட்டாசு லேபிள் தாள்களைப் பின்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்து, சரம் பின்னுகிற நூலாலேயே தைத்து, ஆட்டோகிராப் நோட்டும் தயார் செய்திருந்தாள். முதல் பக்கத்தில் அவளே எழுதினாள்: "இந்தத் தடவையும் பெயிலானால் உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டேன். இப்படிக்கு பொன்மணி." எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரலை வைத்தார்கள். மருந்து அடைக்கிற ரூமிலிருந்து வந்தவர்களின் ரேகை, விரலில் ஒட்டியிருந்த வெள்ளிநிற மருந்துத் தூளில் பதிந்தது. வள்ளித்தாய் அழுதாள். அழுததை மறைக்கவும் இல்லை.

தேர்வு மையம் சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடம். இங்கிலீஷ் இரண்டாம் தாளன்று காலையில் வள்ளித்தாய் கேட்டுக்குள் நுழைந்ததும் கொண்டை ஊசியை எடுத்தாள், செருப்பை மரத்தடியில் கழற்றிப் போட்டாள். பட்டாசு ரூமுக்குள் இரும்பும் செருப்பும் கூடாது. இருபது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஏழெட்டு ஜோடி செருப்பு கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிரித்தாள்.

"எல்லாரும் பட்டாசுக் கம்பெனி ஆளுகதான் போல."

அவள் பெயர் சினேகா. போன வருஷம் இதே பள்ளியில் படித்து, இங்கிலீஷில் கோட்டைவிட்டவள். வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டை வள்ளித்தாய்க்குக் காட்டினாள். "இப்பல்லாம் கரன்ட் பெல்லுதான். ஆனா ரிசல்ட் வந்த பெறகு ஒருநா மட்டும் பாசான பிள்ளைக ஒவ்வொருத்தரும் வந்து இதுல ஒரு அடி அடிச்சுட்டுத்தான் போகணும். இங்கன அப்பிடி ஒரு வழக்கம். போன வருசம் என் கூட்டாளிக எல்லாம் அடிச்சாளுக. நான் கேட்டுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன், அக்கா."

"இந்த வருசம் உள்ள நின்னு அடிப்ப, தாயி" என்றாள் வள்ளித்தாய்.

கேள்வித்தாள் எளிதாக இருந்தது. அதாவது வள்ளித்தாய்க்கு எளிதாக இருந்தது. அதைவிடப் பெரிய செய்தி என்ன வேண்டும்? அந்த அறையில் இருபது தனித்தேர்வர்கள். மேற்பார்வைக்கு ஜெனிட்டா டீச்சர். ஒரு மணி நேரம் ஓடியது. அப்போதுதான் கரன்ட் போனது. மணி அடிக்க வந்த பியூன் முத்துக்கருப்பன் பெல் சுவிட்சை அழுத்திப் பார்த்தார், சத்தம் இல்லை. முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்த மனுஷன், சுத்தியலை எடுத்தார். பின்கட்டு அறைகளுக்கும் கேட்க வேண்டுமே என்று தண்டவாளத்தில் நிறுத்தாமல் ஓங்கி ஓங்கி அடித்தார்.

வள்ளித்தாய்க்கு அடுத்து நினைவு வந்தபோது அவள் மைதானத்தின் வடகிழக்கு மூலையில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மட்டும் இல்லை. பட்டாசுக் கம்பெனி ஆட்கள் எட்டுப் பேரும் அங்கேதான் நின்றார்கள், வெறுங்காலோடு, மூச்சு வாங்க. கம்பெனியிலும் இதே மாதிரி ஒரு தண்டவாளத் துண்டுதான் தொங்குகிறது. அது விடாமல் அடித்தால் ஒரே அர்த்தம்தான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே. இரண்டாயிரத்து இரண்டில் அது அப்படி அடித்தபோது வள்ளித்தாயும் அவள் சிநேகிதி மாரித்தாயும் சேர்ந்துதான் ஓடினார்கள். பாதி வழியில் மாரித்தாய் புதுத் தூக்குவாளியை எடுக்கத் திரும்பினாள். வெளியே நின்று தலை எண்ணியபோது ஒன்று குறைந்தது.

இப்போதும் வள்ளித்தாய் தலைதான் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது வந்தது. அப்புறம்தான் தன் இடது கை யாரையோ இறுக்கிப் பிடித்திருப்பதைக் கண்டாள். சினேகா. பக்கத்து பெஞ்சில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். வலது கையில் பொன்மணி கொடுத்த பேனா இருந்தது.

பாதி எழுதிய தாள் உள்ளே பெஞ்சில் கிடந்தது.

ஜெனிட்டா டீச்சர் பதறிப்போய் ஓடி வந்தார். பின்னாலேயே தலைமையாசிரியர் ஜெயச்சந்திரன். பரீட்சைக்குப் பொறுப்பு அவர்தான். முகம் சிவந்து கிடந்தது.

"யாரைக் கேட்டு வெளிய வந்தீங்க? இது என்ன சந்தைக்கடையா? கேட்காம வெளிய போனவங்களை உள்ள விட முடியாது. அவ்வளவுதான்."

வள்ளித்தாய் முன்னால் வந்தாள். "சார், முதல்ல இந்தப் பிள்ளையை உள்ள விட்டுருங்க. அது பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருந்துச்சு, நான்தான் இழுத்துட்டு வந்துட்டேன். எங்களுக்கு மணி இப்பிடி அடிச்சா ஓடணும். நின்னு யோசிச்சவ யாரும் வீடு வந்து சேரலை, சார்."

தலைமையாசிரியர் கிட்டே வந்தார். ஒன்பது பேரையும் பார்த்தார். யார் கையிலும் தாள் இல்லை. யாரும் யாரோடும் பேசவில்லை.

"கேட்டு அந்தப் பக்கம் இருக்கு. ஏன் எல்லாரும் இந்த மூலைக்கு வந்து நிக்கிறீங்க?"

"காத்து அங்கிட்டுப் பாத்து அடிக்குது, சார். இங்கன நின்னா புகை வராது."

எட்டுப் பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதைச் சொல்லிக்கொடுத்து யாரும் அங்கே கூட்டி வரவில்லை. எட்டு ஜோடிக் காலும் தானாக வந்த இடம் அது. ஜெயச்சந்திரனும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"டீச்சர், உங்க கண்ணுல இருந்து இவங்க மறைஞ்சாங்களா?"

"இல்ல சார். நான் பின்னாலயே வந்துட்டேன்."

"எல்லாரையும் சோதிச்சு உள்ள விடுங்க. நான் எழுத்துல எழுதிக் கையெழுத்துப் போடுறேன். போன நிமிஷம் போனதுதான்மா, அதைத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்லை. போங்க, எழுதுங்க."

போனது பன்னிரண்டு நிமிஷம். வள்ளித்தாய் உட்கார்ந்தாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது, கை வேகமெடுத்தது. சரம் பின்னுகிற கை அது, பன்னிரண்டு நிமிஷம் அதற்கு ஒரு பொருட்டா? கடைசிக் கடிதத்தை எழுதி முடித்து, கூடுதல் தாள்களை அடுக்கி, நூலை எடுத்து ஒரே சுண்டில் முடிச்சுப் போட்டாள். பக்கத்தில் சினேகா நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கடைசி மணி அடிக்கவே இல்லை. முத்துக்கருப்பன் அறை அறையாக வந்து, நேரம் முடிந்தது என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். வள்ளித்தாயின் அறையில் மட்டும், "கோவிச்சுக்கிடாதீக, ஆத்தா" என்று சேர்த்துச் சொன்னார்.

மே மாதம் ரிசல்ட். முனியசாமி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று, நம்பரைக் கொடுத்து, அச்சடித்த தாளை வாங்கினான். அதையும் தலைகீழாகத்தான் பிடித்தான். கடைக்காரர் திருப்பிக் கொடுத்து, விரலை வைத்துக் காட்டினார். இங்கிலீஷ், எழுபத்தெட்டு. கம்பெனி கேட் வரைக்கும் அவன் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது.

வள்ளித்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அப்புறம் பொன்மணியின் தோளில் சாய்ந்துகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. மேனேஜர் தானாகவே வெளியே வந்தார். "ஜூன் ஒண்ணாம் தேதி புது ரூம் வரிசைக்கு நீதான் சூப்பர்வைசர். முதலாளிகிட்ட பேசிட்டேன்" என்றார்.

மறுநாள் சினேகா போன் செய்தாள். அவளும் பாஸ். "அக்கா, எச்செம் சார் உங்களையும் மணி அடிக்க வரச் சொன்னாக. தனியா எழுதுனவங்களுக்கும் இந்த வருசத்துல இருந்து உண்டாம்."

வள்ளித்தாய் தனியாகவா போவாள்? ரூமே அரை நாள் லீவு போட்டுவிட்டு வேனில் ஏறியது. அவளைச் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். பள்ளி வராந்தாவில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தண்டவாளத்தில் ஒரு அடி அடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். சினேகா இரண்டு கையாலும் சுத்தியலைப் பிடித்து அடித்தாள். கேட்டுக்கு வெளியே நின்ற அந்த ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அடித்தாள்.

அடுத்து வள்ளித்தாய். முத்துக்கருப்பன் சுத்தியலைத் துடைத்துக் கொடுத்தார். ஜெயச்சந்திரன் கைகட்டி நின்றார். அவளுக்கு உள்ளங்கால் கூசியது. எத்தனை வருஷம் இந்தச் சத்தத்துக்கு ஓடியிருப்பாள். சுத்தியலை ஓங்கினாள். அடித்தாள்.

மணி கணீரென்று எழுந்து மைதானம் தாண்டிப் போனது. பொன்மணி இரண்டு எட்டு ஓடி, வெட்கப்பட்டு நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வள்ளித்தாய் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் கண் மட்டும் தானாக ஓடியது, ஒவ்வொரு தலையாக. ஒன்பது, பத்து, பதினொன்று, தன்னோடு பன்னிரண்டு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பொன்மணிக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் இருக்கோம், மதினி. ஒருத்தரும் குறையலை."